ஐந்தாம் நம்பர் மலையில் ஒரு குறுக்குப் பாதை

மே 4, 2024
இம்மாதம் இரண்டு ஓட்டங்கள். ஒன்று நல்லதண்ணியில், சிவனொளிபாத மலைப் படியேறி இறங்குவது. மற்றது இங்கே லிந்துலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள்ளேயே பதினைந்து கிலோமீற்றர் சேற்று ஓட்டம். இருவர் சோடியாக ஓட வேண்டும். என் தோழி பிரேமினி படி ஓட்டத்தைத்தான் கேட்டாள். நான் விடவில்லை. கொழுந்து பறிக்கிற அவளுக்கும் பாலர் பள்ளி டீச்சரான எனக்கும் தெரியாத சேறா?

"சரி டீ, உன் இஷ்டம்."

கொழும்பில் ஓர் ஓட்ட அணி ஜூலையில் ஆள் எடுக்கிறது. பந்தயச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால்தான் அவளைக் கூப்பிடுவார்கள்.

மே 12
பயிற்சி. மழை. என் சப்பாத்து ஒன்றைச் சேறு விழுங்கிவிட்டது. இருவரும் சிரித்துச் சிரித்து வயிறு வலி.

மே 19
எழுதக் கை வரவில்லை.

பத்தாவது கிலோமீற்றர், முழங்கால் வரை சேறு. முன்னால் மூன்றே சோடி. ஐந்தாம் நம்பர் மலையில் பாதை காட்டும் ரிபன் இடப்பக்கமாகச் சுற்றிப் போனது. வலப்பக்கம், நிறுவைக்கு நேரமானால் கொழுந்து எடுப்பவர்கள் எல்லாரும் ஓடி இறங்கும் குறுக்குப் பாதை. கால் தானாகத் திரும்பியது — பொய். தெரிந்துதான் திரும்பினேன்.

"ரிபன் அங்கிட்டுல்ல போகுது" என்றாள் பிரேமினி.

"நம்ம பாதைதானே, வா டீ."

வந்தாள்.

இரண்டாவதாக முடித்தோம். அரை மணியில் கூப்பிட்டார்கள். சுற்றுப் பாதையில் நின்று எண் குறித்தவரின் தாளில் எங்கள் எண் இல்லை. முதலில் திரும்பியது யார் என்று கேட்டார்கள். நான் வாய் திறப்பதற்குள் அவள், "நான்தாங்க. இவ பின்னால வந்தா."

வாய் திறப்பதற்குள்ளாம்! எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது.

கூட்டிப் போனவளுக்கு ஒரு வருடத் தடை. எனக்கு எச்சரிக்கை.

வரும்போது ஏன் என்று கேட்டேன். "உன்ன நம்பி புள்ளைங்கள விடுறாங்க. அத்தன பேருக்கு முன்னால உன் பேரு கெட வேணாம்னுதான்."

மே 27
உண்மையைச் சொல்லி ஏற்பாட்டாளர்களுக்குக் கடிதம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். என்ன மனுஷி நான்?

ஜூலை 16
இன்று கொழும்பில் ஆள் எடுக்கிறார்கள். பள்ளி ஜன்னலில் பார்த்தேன். பிரேமினி எதிர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 2
கடிதத்தை அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 20
பதில் வந்தது. அவள் தடையை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒரு வருடம். ஓடிப்போய் அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துத் தந்தாள்.

"நீங்களா சொல்லுவீங்கன்னு ரெண்டு மாசம் பார்த்தேங்க, டீச்சர்."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் அவள் என்னை டீச்சர் என்றதே இல்லை.

மே 18, 2025
சேற்று ஓட்டம். நான் ஓடக்கூடாது, தண்ணீர் கொடுக்கப் பெயர் கொடுத்தேன். ஐந்தாம் நம்பர் மலைத் திருப்பத்தில் மேசை போட்டுத் தந்தார்கள். பிரேமினி, தன்னோடு கொழுந்து எடுக்கும் லெட்சுமியோடு சோடியாக வந்தாள். திருப்பத்தில் லெட்சுமி குறுக்குப் பாதையை எட்டிப் பார்த்தாள். பிரேமினி அவள் கையைப் பிடித்து ரிபன் பக்கம் இழுத்தாள்.

இரண்டு கைகளிலும் இரண்டு கோப்பைகளை நீட்டினேன். லெட்சுமி ஒன்றை வாங்கிக் குடித்தாள்.

பிரேமினி பத்தடி தள்ளியிருந்த அடுத்த மேசையில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள்.