குண்டக்கா பேருக்கு யார் சொந்தக்காரி

மார்ச் 4, செவ்வாய்

கடையைத் திறந்த கையோடு ஒரு டீச்சரம்மா வந்து கவுண்டரில் ஒரு ஸ்வெட்டரை வீசினார். பொம்மைக்குப் போட்டால் கச்சிதமாக இருக்கும். "இது என் புருஷனோடது. போன வாரம் வரைக்கும் ஆறடி ஆளுக்குச் சரியா இருந்துச்சு" என்றார்.

"வீட்டுக்காரரையும் ஒருதடவை துவைக்கப் போட்டுப் பாருங்கம்மா, சரியாயிடும்" என்று சொல்லித் தொலைத்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

துவைத்தது நான் இல்லை. ரசீதை வாங்கிப் பார்த்தேன். குண்டக்கா லாண்டிரி என்று இருக்கிறது. என் கடை குண்டக்கா சலவை. பின் தெருவில் கண்ணாடிக் கதவு போட்டுப் புதிதாகத் திறந்திருக்கிறார்களாம். "எல்லாம் ஒண்ணுதானே" என்கிறார் டீச்சரம்மா. இந்த வட்டாரத்தில் நான் ஒருத்திதான் குண்டு என்று இத்தனை நாள் மிதப்பில் இருந்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

போய்ப் பார்த்தேன். போர்டில் ஒரு பொம்பளை படம். கன்னத்தில் குழி, தலையில் சோப்பு நுரை. என்னைவிட அழகாக இருக்கிறாள், அதுதான் வயிற்றெரிச்சல். முதலாளி ஒட்டடைக்குச்சி மாதிரி ஒரு ஆள்.

"இங்க யாருப்பா குண்டக்கா?"

"அது பிராண்டுங்க."

"அப்ப நான் யாரு?"

மேலிருந்து கீழ் வரை பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. புத்திசாலி. அவனுக்கு நுரை என்று பேர் வைத்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

நுரையின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான். இங்கிலீஷ், எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு நாள் ஆகும், மகள்தான் படித்தாள். குண்டக்கா என்ற பேரை அவன் சட்டப்படி பதிவு பண்ணிவிட்டானாம். நான் போர்டைக் கழற்ற வேண்டுமாம். இல்லையென்றால் கோர்ட்டாம். நான் அந்தப் பேரை வைத்துக்கொண்டு அவன் வாடிக்கையாளர்களை ஏமாற்றுகிறேனாம்.

வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை எடுக்க மறந்து ஒரு சட்டையைக் கருக்கினார். இவ்வளவு வருஷத்தில் இதுதான் முதல் சட்டை.

மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "நல்லதாப் போச்சும்மா. கௌரவமா ஒரு பேர் வச்சுக்கலாம். எங்க ஆபீஸ்ல அம்மா என்ன பண்றாங்கன்னு கேட்டா, கடை வச்சிருக்காங்கன்னு சொல்வேன். பேரைச் சொல்றதில்ல."

ஒல்லியக்கா என்று வைக்கலாமா என்றேன். எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 13, வியாழன்

அவ சொல்றது சரிதானோ?

மார்ச் 15, சனி

சரியில்லை. கடை திறந்தப்போ கௌரவமாத்தான் பேர் வைத்தோம், வெண்மை சலவையகம் என்று. ஒரு ஆள் அதைச் சொல்லவில்லை. "குண்டக்கா கடைல போடு" என்றுதான் சொன்னார்கள், என் காது கேட்கவே. தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அழுதால் இளைக்கும் என்றாலாவது தினம் அழலாம். இளைக்கவும் இல்லை. பெயிண்டரைக் கூப்பிட்டு, கூப்பிடுகிற பேரையே எழுது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்துதான் வியாபாரம். அந்தப் பேர் சும்மா வரலை, நான் அழுது வாங்கினது. நுரை எப்ப அழுதான்?

வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் கறுப்புக் கோட்டு நம்மிடம்தான் வருகிறது.

"பதிவு அவர்கிட்ட இருந்தாலும், அவருக்கு முன்னாடியே நீங்க அந்தப் பேர்ல கடை நடத்தினீங்கன்னு காட்டினா அவர் பதிவு நிக்காது. பழைய பில் இருக்கா?"

"பில்லு போட்டதே இல்லைங்க. துணியைப் பார்த்தா ஆளு தெரியும்."

"போர்டோட போட்டோ?"

ஒன்று இருக்கிறது. போர்டுக்கு முன்னால் நான் நிற்கிறேன். போர்டு தெரியவில்லை.

வக்கீலம்மா பேனாவை மூடினார். "கடை பேரு வேற எதுலயாவது அச்சாகியிருக்கா?"

நாடா இருக்கிறது என்றேன். வழக்கமாக வருகிறவர்கள் துணி மாறிவிடக்கூடாது என்று, உள்மடிப்பில் ஒரு துண்டு நாடா தைப்பேன். குண்டக்கா சலவை என்று அச்சடித்தது.

"அதைவிட என்ன வேணும்? பழைய துணியோட அவங்களையே வரச் சொல்லுங்க. வாக்குமூலம் வாங்கிக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டேன். படி இறங்கும்போதுதான் அந்த நாடாவில் வேறென்ன எழுதியிருக்கிறேன் என்பது ஞாபகம் வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

நாடாவில் கடைப் பேருக்குக் கீழே அழியாத மையில் ஆள் அடையாளம் எழுதுவேன். அவங்க பேரெல்லாம் அந்தத் துண்டு நாடாவில் அடங்காது, நீளம். அதனால் நானே வைத்த பேர். கொட்டாவி. கஞ்சப்பிசினாறி. பாதிமீசை. மடிப்புக்குள்ளே எவன் பிரித்துப் பார்க்கப் போகிறான் என்ற தைரியம்.

ஒரு பேரைக் காப்பாத்த இத்தனை பேர்கிட்ட செருப்படி வாங்கணும்.

வீட்டுக்காரர் தன் சட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஊமைக்கோட்டான். ஒன்றும் சொல்லாமல் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

மகளுக்குத்தான் கோபம். "அவங்க உன்னை மூஞ்சிக்கு நேரா கூப்பிட்டாங்க. நீ ஒளிச்சு வச்சு எழுதியிருக்க. யாரும்மா மோசம்?"

நாடாச் சுருளை எடுத்து டப்பாவில் போட்டு மூடினேன்.

மார்ச் 22, சனி

எல்லாரும் வந்துவிட்டார்கள். வக்கீலம்மா மேஜையில் பேன்ட்டும் பாவாடையும் குவிந்து கிடந்தன. ஒருவர் உள்பனியனைக் கொண்டுவந்து செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தார். மகள் கத்தரியால் மடிப்பைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள்.

மருந்துக்கடைக்காரர் தன் நாடாவைப் படித்தார். "இது என்னம்மா அநியாயம்" என்று சொல்ல வாயைத் திறந்தார், கொட்டாவிதான் வந்தது. அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கஞ்சப்பிசினாறியின் பொண்டாட்டி சிரித்துச் சிரித்து இருமினாள். "கல்யாணமான நாள்லேருந்து இதைத்தான் நானும் சொல்றேன்."

தாடி வைத்த பஸ் டிரைவர் ஒருவர் தன் பழைய பள்ளிக்கூட அரைக்கால் சட்டையோடு வந்தார். மெரூன் நிறம். அந்தப் பள்ளிக்கூடம் நீலத்துக்கு மாறி எத்தனையோ காலம் ஆச்சு, நுரை கடை நினைப்பிலேயே இல்லாத காலம். "இதுதான் எனக்கு வேணும்" என்றார் வக்கீலம்மா. டிரைவர் நாடாவைச் சத்தமாகப் படித்தார்: மூக்கொழுகி. வாக்குமூலத்தில் அப்படியே டைப் அடித்தார்கள். 'மேற்படி மூக்கொழுகி எனக் குறிக்கப்பட்டவர் நானே.' கையெழுத்துப் போட்டுவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார், பழக்கதோஷம்.

கடைசியில் வக்கீலம்மா தன் கோட்டைத் திருப்பினார். நான் ஃபேனைப் பார்த்தேன். தொணதொணப்பு என்று எழுதியிருந்தது.

"ஃபீஸ்ல சேர்த்துக்கறேன்" என்றார்.

மாடிவீட்டு அக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் நாடாவில் அழுமூஞ்சி என்று இருந்தது. புடவையை மடித்து எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் போய்விட்டார்.

மார்ச் 24, திங்கள்

மாடிவீட்டிலிருந்து துணி வரவில்லை.

மார்ச் 27, வியாழன்

மாடிவீட்டு அக்கா புருஷன் தவறிப்போன வருஷம் நான் எழுதினது அது. துணி போட வரும்போதெல்லாம் கண்ணு சிவந்திருக்கும். அடையாளத்துக்குத்தான் எழுதினேன்னு சொல்லிக்கலாம். சொல்லிக்க முடியலை.

கத்தரியோடு படியேறினேன். போகிற வழியில் யோசித்து வைத்த கிண்டலெல்லாம் கதவு திறந்ததும் காணாமல் போய்விட்டது. புடவையைக் கேட்டு வாங்கி, அவர் முன்னாலேயே நாடாவைப் பிரித்தெடுத்தேன்.

"இனிமே என்ன எழுதுவே?"

"நீங்களே சொல்லுங்கக்கா."

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார். உட்காரச் சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் இரண்டு போர்வை வந்தது.

ஏப்ரல் 21, திங்கள்

நுரை நேரில் வந்தான். அவன் வக்கீலே, இது நிற்காது என்று சொல்லிவிட்டானாம். பேரை விட்டுத் தருகிறானாம். போர்டில் இருக்கிற பொம்பளை படத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான்.

"வச்சுக்க. அது என்னை மாதிரியே இல்ல."

"அந்த டீச்சரம்மா ஸ்வெட்டரை மட்டும்... எப்படித் துவைக்கறதுன்னு..."

"வெந்நீர்ல போடாதடா" என்றேன். அதற்குக் கட்டணம் கிடையாது.

ஜூன் 10, செவ்வாய்

பேரை நம் பக்கம் பதிவு பண்ண வக்கீலம்மாவிடம் போனோம். உரிமையாளர் என்ற இடத்தில் என் பேர். கூட இன்னொருத்தர் பேரும் போடலாம், பிற்காலத்துக்கு நல்லது என்றார். வீட்டுக்காரர் மகளைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாயைத் திறக்கவே இல்லை, சத்தியமாக.

"பேனா குடுங்க" என்றாள்.

ஜூன் 28, சனி

பல் பிடுங்கப் போயிருந்தேன். மகளுக்கு லீவு, கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். பாதிக் கன்னம் மரத்துப்போய்த் திரும்பி வரும்போது வாசலில் ஒரு புது ஆள், கையில் மூட்டையோடு நிற்கிறார்.

"இங்க குண்டக்கா யாருங்க? நல்லாத் துவைப்பாங்கன்னு சொன்னாங்க."

உள்ளே இவள். காற்றடித்தால் கொடியில் மாட்டிக்கொள்கிற உடம்பு.

"நான்தான், சொல்லுங்க" என்றாள்.

அந்த ஆள் அவளை மேலும் கீழும் பார்த்தார். நான் உள்ளே போகவில்லை. எதிர்க் கடை நிழலில் கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.