அவிழ்க்கச் சொன்ன கட்டு

12.11.1981, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோணல்மாணலாகத்தான் வருகிறது, வரட்டும்.

போன மாதம் தோல் பதனிடும் ஷாப்பில், தோல் உருட்டும் டிரம்மில் சிக்கி வலது கை ஒடிந்த அன்று, எங்கள் மலை ஆட்கள் செய்வதைத்தான் நானும் செய்தேன். நேராக ஊருக்கு வந்து, எலும்பு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டேன்.

இன்று வாணியம்பாடியில் உள்ள தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வேலையில் அடிபட்டு வீட்டில் கிடப்பவனுக்கு, அங்கே டாக்டர் சர்டிபிகேட் தந்தால் உதவித்தொகை உண்டு. அதற்குத்தான் சம்பளத்தில் சந்தா பிடிக்கிறார்கள். டாக்டர் கையைத் தொடக்கூட இல்லை.

"நாட்டுக் கட்டுக்கெல்லாம் சர்டிபிகேட் தர முடியாது. அவுத்துட்டு வா, மாவுக்கட்டு போடறேன்."

"எலும்பு கூடிக்கினு வருதுங்க. இப்ப அவுத்தா கை கோணிப்பூடுங்க."

"அப்ப பணம் வேணாம்னு போ."

மலையடிவாரத்தில் ஆலங்காயம் வரைக்கும் பஸ்ஸில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். என் கை ஒடிந்தது பொய்யா? சந்தா பிடிக்கும்போது, எந்த வைத்தியரிடம் போவாய் என்று எவனாவது கேட்டானா?

"கூலியும் இல்ல, அந்தப் பணமும் இல்லன்னா இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு மனைவி படுத்துவிட்டாள்.

கட்டின் முடிச்சைத் தடவிப் பார்க்கிறேன். இடது கையாலேயே அவிழ்த்துவிடலாம் போலிருக்கிறது.