சரிவாக வெட்டிய மூன்று துண்டுகள்

என் கூட்டாளிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் பௌதிகவியல் செயற்றிட்டத்துக்கு நான் வெட்டித் தந்த பத்துச் சீலைத் துண்டுகளில் மூன்று மட்டும் கூடுதலாக இழுபட்டதாம். "நீ தந்த சீல பழுது புள்ள, அந்த மூணு அளவையும் அழிக்கப் போறன்" என்று நேற்றுப் போனில் சொன்னாய். உண்மையைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால்தான் எழுதுகிறேன்.

சீலை பழுதில்லை. ஏழு துண்டுகளை நூலோடு நேராக வெட்டினேன். பிறகு சீலை போதவில்லை. இடுப்பில் கட்டும் சாரம் தைத்து மிஞ்சிய மூலையில் மற்ற மூன்றையும் சரிவாக வெட்டிவிட்டேன்.

இன்று நானும் வேறொரு சீலையில் வெட்டிய துண்டுகளில் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். "என்ன மகள், சீலையையும் நிறுத்தா விக்கப்போறா?" என்று உம்மா சிரித்தார். நெடுக்கே வெட்டியது அசையவில்லை. குறுக்கே வெட்டியதும் அப்படித்தான். சரிவாக வெட்டியது மட்டும் இரண்டு விரல் நீண்டு, நடுவில் ஒடுங்கியது. நூல் அதே நூல்தானே? இழுக்கும் திசை மாறியது சீலைக்கு எப்படித் தெரிகிறது?

செயற்றிட்டத்தை ஒப்படைக்கும்போது அந்த அளவுகளை அழிக்காதே. காரணத்தை உனக்குப் படிப்பிக்கிற சேரிடம் கேள். பள்ளிக்கூடத்தில் இருந்த ஒன்பது வருடமும் நான் ஒருநாளும் கை தூக்கியதில்லை. இதை நான் கேட்டதாகச் சொல்.

வகுப்பில் உன் பக்கத்து வாங்கில் இருந்தவள்