டெஸ்ட் இல்லாத வண்டி

கோலியர்ஸ் வுட்
பெப்ரவரி 4, 2025

றூபினியின் அப்பாவுக்கு,

தேவமாதா காவலில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்களும் நானும் போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் சண்டை வருகிறது என்று மகள் சொன்னது சரிதான். அதனால்தான் எழுதுகிறேன். வேறு வேறு வீட்டில் இருக்கத் தொடங்கி வருகிற தவக்காலத்தோடு நாலு வருடம். எழுதிச் சண்டை பிடிக்க இருவருக்கும் பொறுமை இருக்காது.

என் முழங்கால் இரண்டும் கைவிட்டுவிட்டன. பன்னிரண்டு நிமிடத்தில் நடந்து போன கோயிலுக்கு இப்போது முக்கால் மணி நேரம் எடுக்கிறது. வழியில் மூன்று வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இந்த வருடம் சத்திரசிகிச்சைக்கு இடமில்லையாம். ஆகவே ஸ்கூட்டர் ஒன்று வாங்கப் போகிறேன். நடக்க ஏலாதவர்கள் இருந்து ஓட்டிப் போவார்களே, அந்த நாலு சில்லு வண்டி. றோட்டில் ஓடக்கூடியதும் இருக்கிறதாம்.

ஜேர்மனியிலும் இங்கேயுமாக முப்பது வருடம் கராஜில் கார் திருத்திக்கொண்டு நின்றவர் நீங்கள். வாங்கித் தரச் சொல்லவில்லை, வந்து பார்க்கவும் சொல்லவில்லை. எது நல்லது என்று எழுதினால் போதும்.

அலுமாரியின் மேல்தட்டில் கிடந்த உங்கள் கம்பளிச் சட்டையை றூபினியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள்.

எமில்டா


கிங்ஸ்பரி
பெப்ரவரி 11, 2025

அன்பின் எமில்டா,

உறையில் உன் கையெழுத்தைக் கண்டு தபால்காரருக்கு இரண்டு தரம் நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். சட்டை வந்தது. இப்போதும் அளவாகத்தான் இருக்கிறது, வயிற்றடியில் மட்டும் கொஞ்சம் பிடிக்கிறது.

இந்த வண்டிகளில் இரண்டு வகை. ஒன்று நடைபாதைக்கு மட்டும். மணிக்கு நாலு மைல், ஒரு ஆள் எட்டி நடக்கும் வேகம். கழற்றிக் காரின் பின்னால் வைக்கக்கூடியதும் உண்டு. மற்றது றோட்டுக்கு. அது எட்டு மைல் போகும், நடைபாதையில் ஏறினால் ஸ்விச்சை மாற்றி நாலுக்கு இறக்க வேண்டும். லைற், சிக்னல், கண்ணாடி, ஹோர்ண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது சட்டம். காரைப் போல உன் பெயரில் பதியவும் வேண்டும். வரி கட்டத் தேவையில்லை. லைசென்ஸ் கேட்க மாட்டார்கள். டெஸ்டும் இல்லை.

என் புத்திக்குச் சின்னதை எடு. உங்கள் சந்தியில் பஸ்ஸும் லொறியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். உனக்கு றோட்டுப் பழக்கம் இல்லை. ஒன்றுமே வேண்டாம் என்றாலும் சரி, ஞாயிறுகளில் நான் காரில் வந்து உன்னைக் கோயிலில் இறக்கி, பூசை முடிய வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். முன்பு செய்தது போலத்தான். நீ சும்மா இருந்தால் போதும்.

என்றும் அன்புடன்,
எட்வேட்


கோலியர்ஸ் வுட்
மார்ச் 3, 2025

றூபினியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தோடு கடைக்குப் போனேன். பக்கத்து வீட்டு நகுலேஸ்வரி அக்காவும் வந்தா. கடைக்காரப் பெண் இரண்டு வகையையும் ஓடிப் பார்க்க விட்டாள். சின்னது நடைபாதைக் கல் எழும்பிய இடத்தில் தூக்கிப் போட்டது, உயிர் போய் வந்தது. பெரியதில் சோபாவில் இருப்பது போல இருந்தேன். பிறகு பன்னிரண்டு மீற்றர் தள்ளி நின்ற காரின் நம்பரை வாசிக்கச் சொன்னாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரே மூச்சில் வாசித்தேன். "எமில்டா, நீர் இப்ப பொலிஸ்காரி மாதிரி இருக்கிறீர்" என்றா அக்கா.

ஒரே ஒரு குறை. நம் கோயில் வாசலுக்குச் சாய்வுப் பாதை போட்டிருக்கிறார்கள், ஆனால் அந்த மரக்கதவு சரியான பாரம். வண்டியில் இருந்தபடி இழுக்க ஏலாது. அதைப் பிறகு பார்க்கலாம்.

"டெஸ்டும் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். 2009ஆம் ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடச் சமையலறை வேலை முடிந்து, உடுப்பெல்லாம் எண்ணெய் மணக்க, இருபத்தெட்டுத் தரம் கார் பழகப் போனேன். டெஸ்டுக்கு நாள் கிடைத்ததும் அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தேன். நான் கார் ஓடுவது உமக்குச் சம்மதம் என்றால் டெஸ்ட் நடக்கட்டும், இல்லையென்றால் நீரே நிறுத்திவிடும் என்று கேட்டேன். நாலு நாள் இருக்கையில் றத்து என்று மட்டும் போட்டு, காரணம் இல்லாமல் கடிதம் வந்தது.

நீங்கள் மேசைக்கு எதிரே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தீர்கள். "அந்தோனியார் வேண்டாமெண்டிட்டார்" என்று நான் சொல்ல, "ஓம் எமில்டா, அப்பிடித்தான் போல" என்றீர்கள். புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டேன். மறுபடி பதியவே இல்லை. அன்று முதல் அவருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியதில்லை. மற்றப் புனிதர்களோடு பேசுவேன், அவர் சுரூபத்தைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இந்த முறை மேலேயும் கீழேயும் யாரிடமும் சம்மதம் கேட்கப் போவதில்லை. பெரியதைத்தான் எடுக்கிறேன். காரோடு வர வேண்டாம். பக்கத்து சீற்றில் சும்மா இருந்து இருந்து அலுத்துத்தான் நான் வேறாகப் போனேன்.

எமில்டா


கிங்ஸ்பரி
மார்ச் 17, 2025

அன்பின் எமில்டா,

இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். சுற்றி வளைத்தால் இதையும் கிழிப்பேன்.

உன் டெஸ்டை றத்துச் செய்தது நான். நீ வேலைக்குப் போயிருந்தபோது உன் பழகுநர் லைசென்ஸைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணினேன். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடிதம் வந்தால் நீ என்னோடு சண்டை பிடிப்பாய் என்று நினைத்திருந்தேன். நீ அந்தோனியார் என்றாய். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது.

கராஜுக்கு நசிந்து வரும் கார்களைப் பார்த்துப் பயந்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதி உண்மை. நீ கார் ஓடத் தொடங்கினால் நான் உனக்கு எதற்கு என்ற பயம் மற்றப் பாதி. போன கடிதத்தில் சின்னதை எடு என்று எழுதியதும் அதே பயத்தில்தான். வெட்கமாக இருக்கிறது, எமில்டா.

இப்போது ஒழுங்காகச் சொல்கிறேன். பெரியதையே எடு. காற்றடிக்கும் ரயர் உள்ளதாகப் பார், முழங்காலுக்கு அதிராது. இருக்கை பக்கவாட்டில் சுழல்கிறதா என்று இறங்கிப் பார்த்து எடு. ஒருமுறை சார்ஜ் பண்ணினால் இவ்வளவு தூரம் என்று கடையில் சொல்வதில் பாதியை நம்பு, குளிருக்கு அதிலும் குறையும். வீட்டு வாசல் அகலத்தை முதலில் அள. பஸ் லேனுக்குள் போகாதே. சட்டம் கேட்காவிட்டாலும் இன்சூரன்ஸ் போடு. நீ நன்றாக ஓடுவாய். அது எனக்கு அப்போதே தெரியும்.

எட்வேட்


கிங்ஸ்பரி
மே 6, 2025

அன்பின் எமில்டா,

ஏழு கிழமையாகப் பதில் இல்லை. கேட்க எனக்கு உரிமையும் இல்லை. வண்டி வந்துவிட்டது என்று றூபினி சொன்னாள், நிறம் சிவப்பாம். மழைக்குப் பிறகு பிரேக்கை ஒருமுறை பிடித்துப் பார். வேறொன்றும் இல்லை.

எட்வேட்


கோலியர்ஸ் வுட்
ஜூன் 2, 2025

றூபினியின் அப்பாவுக்கு,

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கொண்டுபோய் உறைபெட்டிக்குள் வைத்தேன், இறைச்சிக்கும் மீனுக்கும் நடுவில். ஏன் அங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஒரு கிழமை உலை வைக்கவில்லை. நகுலேஸ்வரி அக்காதான் சாப்பாடு தந்தா.

என்னைத் தடுத்ததை விட, அந்தோனியாரில் பழி போட விட்டீர்களே, அதுதான் ஆறவில்லை. பதினாறு வருடம் ஒரு பாவமும் செய்யாதவரோடு முகம் கொடுக்காமல் இருந்திருக்கிறேன்.

வண்டி சிவப்புத்தான். பதியும் படிவம் வந்தபோது பெயர் எழுதும் இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு நிறைய நேரம் இருந்தேன். உங்கள் பெயரை விட்டு என் அப்பாவின் பெயரைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் எமில்டா எட்வேட் என்றே எழுதினேன். உங்களுக்காக அல்ல. அந்தப் பெயரில்தான் அந்த டெஸ்ட் இருந்தது, அந்தப் பெயருக்கே வண்டி வரட்டும் என்று. இப்போது பத்திரம் வந்துவிட்டது. என் பெயரில் ஒரு வாகனம், அறுபத்தொரு வயதில். நீங்கள் சொன்ன ரயர்தான் போட்டிருக்கிறது. முழங்கால் அதிரவில்லை.

முதல் ஞாயிறே றோட்டால் போனேன். ஒரு பஸ் எனக்காக நின்றது. நான் கைகாட்டி நன்றி சொல்லிவிட்டு என் பாட்டில் போனேன். கோயிலில் அந்தோனியாரிடம் மன்னிப்புக் கேட்டு அழுதேன். அவரோடு கோபம் முடிந்துவிட்டது. உங்களோடு முடியவில்லை. எப்போது முடியும் என்றும் சொல்ல ஏலாது.

பதின்மூன்றாம் திகதி வெள்ளிக்கிழமை அவருடைய திருநாள். பூசை பத்து மணிக்கு. நீங்கள் ஒன்பதுக்கே வந்து, அவரிடம் சொல்ல வேண்டியதை உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். பதினாறு மெழுகுதிரி கொளுத்துங்கள், அது என் பாக்கி, நீங்கள் வைத்த பாக்கி. கொளுத்தி முடிந்ததும் நீங்கள் போய்விடலாம்.

போக மனம் வராவிட்டால் வாசலில் நில்லுங்கள். என்னைத் தூக்கிவிடக் கை நீட்ட வேண்டாம், வண்டியையும் தொட வேண்டாம். அந்தக் கதவை மட்டும் திறந்து பிடியுங்கள். நான் உள்ளே போகிறேன்.

எமில்டா எட்வேட்