வனஜா விழுந்த நாட்கள்

7 ஜூலை 2025, திங்கள்

மழை விடவில்லை. நான்கு நாளாகத் துணி காயாமல் ஹாலிலேயே கொடி கட்டியிருக்கிறோம். மகன் ஜெயந்த் போன் செய்தான். புனேயில் அவன் ஆபீஸ் இருக்கும் ஹிஞ்சேவாடியில் தண்ணீர் தேங்கி, கம்பெனி கேப் ஒரே இடத்தில் இரண்டு மணி நேரம் நின்றதாம். வாரத்துக்கான மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டேன். வனஜாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்து, எனக்கு ஒன்று. சாயங்காலம் வெங்காய பஜ்ஜி.

9 ஜூலை, புதன்

வனஜா விழுந்துவிட்டாள்.

காலை ஒன்பதே முக்கால். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே சத்தம். அரிசி மூட்டையை இறக்கிப் போட்டது மாதிரி. ஏதோ பாத்திரம், டப்பா என்றுதான் முதலில் நினைத்தேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன் – மடித்து வைத்தேன்!

கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். கண் திறந்திருந்தது. என்னைப் பார்க்கிறாள், ஆனால் பேசவில்லை. புருவத்திலிருந்து ரத்தம் காதுப்பக்கம் வழிந்தது. அப்புறம்தான், "ஒண்ணுமில்லீங்க, கால் இடறிருச்சு" என்றாள். இடறுவதற்குத் தரையில் எதுவுமே இல்லை. மிதியடிகூட இல்லை.

என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. தோளுக்கடியில் கை கொடுத்தேன், என் முழங்கால் மடங்கிவிட்டது. நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாட்ச்மேனுக்குப் போன் செய்து, அவர் வரும்வரை ஐந்து நிமிஷம் இருவரும் தரையில் இருந்தோம். அவள் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தையல். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை.

10 ஜூலை, வியாழன்

ஜெயந்த் லீவு போட்டு வந்தான். அம்மாவின் நெற்றியைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறிப்போயிற்று. போனில் எதையோ தேடி எனக்குக் காட்டினான். தரையிலிருந்து சீலிங் வரை நிற்கும் கம்பம். கட்டிலில் இருந்து எழும்போது பிடித்துக்கொள்ளலாம்.

"ட்ரில் எல்லாம் வேண்டாம்பா. திருகி டைட் பண்ணா பஸ், போதும். அதுவே நிக்கும்."

"எனக்கெதுக்கு அது? பஸ்ஸுல நிக்கறாப்பல நிக்கறதுக்கா?" என்றாள் வனஜா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இனிமேல் பால்கனிக்குப் போகக் கூடாது, தனியாகக் கீழே இறங்கக் கூடாது, வெள்ளிக்கிழமை கோயிலும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

கம்பம் வந்தது. நானே நிறுத்தினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்து, கட்டிலிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, சீலிங்கை முட்டும்வரை திருகினேன். ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் பத்தொன்பது வருஷம் குவாலிட்டி செக்கிங்கில் இருந்தவன், ஒரு கம்பம் நிறுத்தத் தெரியாதா? இந்தப் பக்கம் ஆட்டினேன், அந்தப் பக்கம் ஆட்டினேன். அசையவில்லை. ஜெயந்துக்குப் படம் அனுப்பினேன்.

"முழுப் பாரத்தையும் போட்டுப் பிடி, ஒண்ணும் ஆகாது" என்று அவளிடம் சொன்னேன்.

16 ஜூலை, புதன்

தையல் பிரித்தார்கள். வீங்கிய இடம் மஞ்சளாகியிருக்கிறது.

19 ஜூலை, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பாத்ரூமில் கைப்பிடி பொருத்த அஸ்ஃபாக் என்பவர் வந்தார். வீடுகளில் கைப்பிடி, கம்பம் பொருத்துவதுதான் தொழில். நாற்பது வயதிருக்கும். பூர்வீகம் மேலப்பாளையம், பிறந்து வளர்ந்தது இங்கே புனே கேம்ப் பகுதியில். தமிழ்க்காரர் என்று தெரிந்ததும் வனஜா அடுக்களையிலிருந்து வந்து ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாத்ரூம் வேலை முடிந்தது. பெட்ரூம் வழியாக வந்தவர் கம்பத்தைப் பார்த்து நின்றார். சுத்தியல் கைப்பிடியால் மேலே சீலிங்கை இரண்டு இடத்தில் தட்டினார். டொக் டொக் என்றது.

"இதை யாரு சார் நிப்பாட்டினது?"

நான்தான் என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இது ஃபால்ஸ் சீலிங் சார். வெறும் பிளாஸ்டர் பலகை. காங்கிரீட்டு இதுக்கு ஒரு சாண் மேல இருக்கு. ஆட்டிப் பாத்தா நிக்கத்தான் செய்யும். அம்மா தடுமாறிச் சாஞ்சு புடிக்கிற அன்னைக்கு நிக்காது."

நான் நம்பவில்லை. இருக்காது, நான் சோதித்துப் பார்த்தேன் என்றேன். அவர் வனஜாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்து, விழப்போகிறவர் மாதிரி பின்னால் சாய்ந்தார்.

மேலே பலகை வெடித்துக் கம்பம் அப்படியே அவர் கையோடு வந்தது. கட்டில் முழுக்க வெள்ளைத் தூள். தலையணையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு.

ஐந்து நாளாக அவள் அதைப் பிடித்துத்தான் எழுந்தாள். முழுப் பாரத்தையும் போடு என்று சொன்னவன் நான். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. அஸ்ஃபாக் தூளைக் கூட்டிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டார். "எங்க வச்சும்மா விழுந்தீங்க? எத்தனை தடவை? அதுக்குத் தக்கன இடம் பாத்து வைக்கணும்."

வனஜா என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அஞ்சு தடவைங்க. மொதோ தடவை ஃப்ரிட்ஜ் பக்கத்துல, மாசி மாசத்துல. அப்புறம் சாமி அலமாரிகிட்ட. இங்கதான் மூணு தடவை."

"எந்திரிச்ச ஒடனேயா, நடக்கும்போதா?"

"எந்திரிச்சு நின்னா கண்ணு இருட்டிக்கும். டிபன் சாப்பிட்டு ஒரு மணி நேரத்துக்கெல்லாம். சாயங்காலம் வர்றதில்லைங்க."

"சார்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா வெளியவே வுடமாட்டாருங்க."

நான் அந்த அறையில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

போகும்போது வாசலில் அஸ்ஃபாக் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "சார், கம்பம் புடிச்சுக்கிறதுக்குத்தான். கண்ணு இருட்டுறதைக் கம்பம் நிறுத்தாது. டாக்டர்ட்ட இதை அப்படியே சொல்லுங்க. எந்த நேரம், எப்படின்னு. சாப்பிடுற மாத்திரை பூராத்தையும் கொண்டுபோங்க."

20 ஜூலை, ஞாயிறு

ஐந்து முறை. ஐந்து முறையும் நான் வீட்டில்தான் இருந்தேன்.

22 ஜூலை, செவ்வாய்

அஸ்ஃபாக் நீளமான வேறு கம்பம் கொண்டுவந்தார். பிளாஸ்டரை வட்டமாக அறுத்து, மேலே காங்கிரீட்டில் தகடு வைத்து, நான்கு ஆங்கர் போல்ட் அடித்தார். கீழே டைலைத் துளைத்து இன்னொரு தகடு. அதற்கு முன்னால் வனஜாவைக் கட்டிலில் படுத்து எழச் சொன்னார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அவள் கை தானாக எங்கே போகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். நான் வைத்திருந்த இடம் அதிலிருந்து ஒரு சாண் தள்ளி; இத்தனை நாளும் எக்கித்தான் பிடித்திருக்கிறாள். அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.

முடிந்ததும் அவரே இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு தொங்கினார். வனஜா சிரித்துவிட்டாள். விழுந்த பிறகு அவள் சிரித்தது இன்றுதான்.

24 ஜூலை, வியாழன்

எப்படி எழுதுவது.

டாக்டரம்மா வனஜாவைப் படுக்க வைத்து பிரஷர் பார்த்தார். நூற்று இருபத்தாறு. எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு நிமிஷம் கழித்துப் பார்த்தார். எண்பத்தெட்டு. வனஜாவின் கண் மேலே போயிற்று. நர்ஸ் பிடித்து உட்கார வைத்து, ஈசிஜி எடுக்கப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனாள்.

நான் மாத்திரைப் பையை மேஜைமேல் கொட்டினேன். டாக்டரம்மா ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பார்த்தார். இரண்டு அட்டைகளை எடுத்து அருகருகே வைத்தார். ஒன்று பச்சை, ஒன்று ஊதா. பின்னாலிருந்த பொடி எழுத்தை விரலால் காட்டி இந்தியில் சொன்னார். இரண்டும் ஒரே மருந்து. பிரஷர் மருந்து. கம்பெனி வேறு, பேர் வேறு, அவ்வளவுதான். இரண்டையும் காலையிலேயே கொடுக்கிறீர்களா?

கொடுக்கிறேன். டிபன் ஆனதும். என் கையால்.

பச்சை, இங்கே பல வருஷமாகச் சாப்பிடுவது. ஊதா, ஜனவரியில் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனபோது அவளுக்குத் தலைவலி என்று அங்கே ஒரு டாக்டரைப் பார்த்தோம், அவர் எழுதியது. ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்டார். சீட்டு புனேயில் இருக்கிறது, பேர் நினைவில்லை என்றேன். திரும்பி வந்து பழையதோடு புதியதையும் சேர்த்து டப்பாவில் போட்டேன். ஆறு மாதம். ஒரு நாள் தவறாமல்.

ஊதாவை நிறுத்தச் சொன்னார். ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். "நல்லவேளை, மூன்று தையலோடு போயிற்று" என்றார்.

ஆட்டோவில் வனஜா கேட்டாள், "என்ன சொன்னாங்க?"

"ஒரு மாத்திரையைக் குறைச்சிருக்காங்க."

அவ்வளவுதான் சொன்னேன்.

25 ஜூலை, வெள்ளி

மார்ச்சில் ஒருநாள், "இதைப் போட்டா என்னமோ ஒடம்பு பஞ்சாட்டம் ஆயிருதுங்க" என்று சொன்னாள். மாத்திரை விழுங்கச் சின்னக் குழந்தை மாதிரி அழாதே என்றேன். என் வார்த்தை அப்படியே நினைவிருக்கிறது. தண்ணீர் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னேன்.

28 ஜூலை, திங்கள்

நான்கு நாளாக அவளுக்குக் கண் இருட்டவில்லை. "கம்பம் வந்த நேரம் நல்ல நேரமுங்க" என்கிறாள். ஆமாம் என்று தலையாட்டினேன். என்ன மனுஷன் நான்?

ஜெயந்துக்குப் போனில் சொன்னேன். "உங்க தப்பு இல்லைப்பா, எல்லாருக்கும் ஆகுது" என்றான். அதை அவன் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவள் அடுக்களையில் இருக்கிறாள், அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

29 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு அட்டைகளையும் அவள் கையில் கொடுத்து, ரெண்டும் ஒண்ணுதான், நான்தான் ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தேன், நீ விழுந்தது அதனாலதான் என்றேன். திக்கித் திக்கித்தான் வந்தது.

அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"நான் சொன்னனுங்களே" என்றாள்.

அவ்வளவுதான். கம்பத்தைப் பிடித்து எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

30 ஜூலை, புதன்

காலையில் மாத்திரையை நீட்டினேன். வாங்கவில்லை. "சீட்டையும் அட்டையையும் இங்க குடுங்க" என்றாள். மொத்தப் பையையும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சீட்டோடு ஒத்துப் பார்த்துத் தானே எடுத்துக்கொண்டாள். எனக்குரிய ஒன்றையும் எடுத்து என்முன் வைத்தாள். எது எதற்கு என்று ஒரு வார்த்தை என்னிடம் கேட்கவில்லை.

31 ஜூலை, வியாழன்

டாக்டரம்மாவிடம் போனோம். நின்றபோது நூற்றுப் பதினாறு. பச்சை மட்டும் போதும், தொடரலாம் என்றார். எழும்போது கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னார். தினமும் நடக்க வேண்டுமாம். "நடக்காமல் உட்கார வைத்தால்தான் கால் பலம் போய் விழுவார்கள்." அதை என்னைப் பார்த்துச் சொன்னார். யார் சொன்னார்கள் அவரிடம்?

வனஜா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

11 ஆகஸ்ட், திங்கள்

பேசுகிறாள். வேண்டிய அளவுக்கு. காபி வேணுங்களா, மோட்டார் போடுங்க, ஜெயந்த் வர்றானாம். பால்கனிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் மூடவில்லை.

விழுந்ததைவிட, விழுந்து தானே எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாளே, நான்கு தடவை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எந்த வலியோடு அந்தக் காபியைக் கொடுத்தாள்? சர்க்கரை குறைவு என்று ஏதாவது சொன்னேனா அப்போது?

6 செப்டம்பர், சனி

கணபதி விசர்ஜன், பிள்ளையாரைக் கரைக்கும் நாள். தெருவில் டோல் மேளச் சத்தம் காதைப் பிளந்தது. பால்கனியில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தாள். நடுவில் ஒருமுறை திரும்பி, "வந்து பாருங்க, என்ன ஒசரம்" என்றாள். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

18 அக்டோபர், சனி

திங்கள்கிழமை தீபாவளி. காலை பத்து மணிக்கு வனஜா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எம்.ஜி. ரோட்டுக்குப் போய் ஜெயந்துக்குச் சட்டை எடுக்க வேண்டுமாம்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாங்க. நான் போயிட்டு வர்றேன்."

பார்த்துப் போ என்று வாய்வரை வந்தது. "சரி" என்றேன்.

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. ஒரே சீராக இருந்தது. மூன்று மாடி. பால்கனிக்குப் போய் எட்டிப் பார்க்கலாம் என்று எழுந்தேன், பிறகு உட்கார்ந்துவிட்டேன். பேப்பரில் ஒரு வரியும் ஏறவில்லை. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். அடிக்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு வந்தாள். முகம் முழுக்க வேர்வை, கையில் மூன்று பை. ஒன்றில் எனக்கும் ஒரு சட்டை இருந்தது. நீலம்.

"அளவு சரியா இருக்குதான்னு போட்டுப் பாருங்க" என்றாள்.

தோள் கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது. சரியாக இருக்கிறது என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. "தோளு கொஞ்சம் பெருசு" என்றேன்.

"அப்பச் சாயங்காலம் போய் மாத்திட்டு வந்தறலாம்" என்றாள். பிறகு, "நீங்களும் வாங்க" என்றாள்.