நெஞ்சுச் சூட்டில் உருகிய சாட்சி

எண்ணெய்க்கடை அண்ணாச்சி,

இன்று காலை தலைக்குத் தடவ எடுத்தால், தேங்காயெண்ணெய் புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக உறைந்து கிடக்கிறது. ஈர்க்குச்சியால் தோண்டி, மிச்சமிருக்கும் ஒன்பது மயிருக்குத் தடவும்போது உம் முகம் வந்து நின்றது. செத்தவரை வையக்கூடாது என்பார்கள். நீர் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது; கெடு முடிந்தது.

அப்போது நான் பாளையங்கோட்டைப் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயிலுக்குக் கோயில்பிள்ளை. மணியடிப்பது, பாய் விரிப்பது, விளக்கேற்றுவது. கிறிஸ்துமஸ் விடியல் ஆராதனைக்கு உம் கடையில்தான் நல்லெண்ணெய் வாங்கினேன். "மோந்து பாரும் வே, செக்குச் சூடு ஆறல" என்றீர். என் மூக்கோ ஐப்பசியில் அடைத்தால் தையில்தான் திறக்கும். மோந்துவிட்டு "ஆகா" என்றேன். அந்த ஆகாவுக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலமே கண்ணாடிக் கிண்ணங்களில் ஊற்றித் தொங்கவிட்டேன். நல்லெண்ணெய் நம் ஊர்ப் பனிக்கு அசையாது. இலுப்பையெண்ணெய் கொஞ்சம் குளிர்ந்தாலே வெண்ணெயாகும், திரியில் ஏறாது. நீர் விற்றதில் முக்கால்வாசி அதுதான். விடியலில் ஏற்றிய திரிகள் தம்மிடம் ஊறியிருந்ததைக் குடித்து முடித்ததும், பாதிரி ஐயர் வேதம் வாசிக்கும்போதே ஒவ்வொன்றாக அணைந்தன. இருட்டில் முதலில் எழுந்தது உம் குரல்:

"ஏலே, கோயில் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டு என்னத்தலே ஊத்தி வச்ச?"

பத்து மணிக்குச் சபையார் விசாரணை. வேலையும் போகும், திருடன் என்ற பேரும் வரும். உம் கடைக்கு ஓடினேன். விஷயம் அறியாத உம் வீட்டம்மா, மதினி, எனக்கு விற்ற அதே பானையிலிருந்து கரண்டியால் ஒரு கிண்ணம் வழித்துக் கொடுத்தாள். நெய்போல உறைந்திருந்தது. சாட்சி கிடைத்த சந்தோஷத்தில், கீழே விழுந்துவிடக் கூடாதே என்று போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன். வெளியே வெயிலில் வேறு காத்திருக்கச் சொன்னார்கள். உள்ளே போய்ப் போர்வையை விலக்கினால், எண்ணெய் கண்ணாடிபோல மினுங்குகிறது!

"நல்லெண்ணெய்னா இப்படித்தாம்லே இருக்கும்" என்று விரலால் தொட்டுக் காட்டினீர்.

"நாளை விடியும்வரை பனியில் வைத்துப் பாருங்கள்" என்று கெஞ்சினேன்.

"நெஞ்சுல வச்சு அடைகாத்தான். இனிப் பனியில வச்சுக் குஞ்சு பொரிக்கப்போறானாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். வெட்கங்கெட்ட நானும் சிரித்தேன். வேலை போயிற்று.

போன மார்கழியில் நீர் போய்ச் சேர்ந்தபோது மதினி ஆள் அனுப்பினாள். "தலைமாட்டு விளக்கை நீரே ஏத்தும். அன்னைக்கு எண்ணெய் வழிச்சுக் கொடுத்தும் வாயைத் தொறக்காம இருந்துட்டேன்" என்றாள். வேறு ஊரில் வாங்கி, ஒரு ராத்திரி பனியில் வைத்துச் சோதித்து வீட்டில் வைத்திருந்த எண்ணெயைக் கொண்டுவந்தேன். பெட்டி மூடும்வரை சுடர் அசையவில்லை. மரியாதை என்று நினைத்துவிடாதீர். சுத்தமான எண்ணெய் எப்படி எரியும் என்று ஒரு தடவையாவது உம் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இன்றும் எண்ணெய்க் கிண்ணத்தைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் நடக்கிறேன், தெருவே சிரிக்கிறது. நெஞ்சோடு அணைத்திருப்பது உம்மேலுள்ள கோபத்தை மட்டும்தான், அண்ணாச்சி. இத்தனை வருஷச் சூட்டிலும் அது உருகவில்லை.