சந்தனம் வைத்த ஏழு டேப்

செப்டம்பர் 30, செவ்வாய்

ஸ்கேன் சென்டரில் ஆயுத பூஜை இன்றைக்கே. கம்ப்யூட்டர் பார்க்கிற ரூக்ஸார் மதியமே கிளம்பிவிட்டாள். அந்த அறையைப் பெருக்கித் துடைப்பது என் பொறுப்பு. மானிட்டர், பிரிண்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அலமாரியில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த, கேசட் மாதிரியான ஏழு கம்ப்யூட்டர் டேப்புக்கும் சந்தனம். நோயாளிகளின் படமெல்லாம் அதில்தானே இருக்கிறது?

அக்டோபர் 3, வெள்ளி

முதல் வேலையாக டேப்பில் இருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தேன். பார்த்தால் ரூக்ஸார் மேனேஜரிடம் ஓடுவாள். மே பன்னிரண்டு, திங்கள், மதியம் மூன்று பத்து, பச்சை துப்பட்டா. "ஆயா ஸ்டோர் ரூம்ல தூங்குது சார்" என்றவள்தானே. அன்றைக்கே என் நாற்காலியை எடுத்துவிட்டார்கள்.

பதினோரு மணிக்கு டேப் மெஷின் நின்றது.

பெரிய கம்ப்யூட்டர் போன மாதமே படுத்துவிட்டது. படங்கள் இப்போது இருபத்தொரு டேப்பில் மட்டும்தான். ஒவ்வொன்றுக்கும் நகல் எடுத்து கீழ்பென்னாத்தூர் கிளையில் வைக்க வேண்டுமாம். கைக்கு வந்ததை எடுத்துப் போட்ட முதல் தடவையிலேயே மெஷின் போய்விட்டது.

அக்டோபர் 4, சனி

மேனேஜர் கோதண்டராமன் ரூக்ஸாரைப் பிடித்துக்கொண்டார். "மெஷின் பக்கத்துல உக்காந்து என்னம்மா துன்ன?"

"ஒண்ணும் துன்னல சார். சத்தியமா."

"அப்புறம் உள்ள பசை எங்கருந்து வரும்? திங்கக்கிழமை வேலூர்லருந்து வேற மெஷின் வருது. அதுவும் போச்சுன்னா நீயும் போ."

நான் வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்தேன். நல்லா வேணும் என்று இருந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

மெஷினைப் பிரித்த அருள்ராஜ் நேற்று சொன்னது — "கெட்ட டேப் மெஷினைக் கெடுக்கும். அந்த மெஷின் அடுத்த டேப்பைக் கெடுக்கும்." அப்போ நான் துடைச்சது மேலாக்கதானா? உள்ள இறங்கிடுச்சா?

எனக்கு அறுபத்தேழு. சொன்னா வேலை போயிடும். வேற எவன் குடுப்பான்? அதுவும் அவளுக்காகவா?

அக்டோபர் 6, திங்கள்

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை அடைப்பதற்குள் மெஷின் வந்து சேர்ந்தது. ரூக்ஸார் டேப்பைக் கையில் எடுத்தாள். மெஷின் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அதைப் போடாத. அது மூணாம் நம்பர் டேப்" என்றேன்.

சொல்லிவிட்டேன். எல்லாம்.

"டேப்புக்கா? சந்தனமா?" மேனேஜர் உட்கார்ந்துவிட்டார். ரூக்ஸார் முகம் சிவந்துபோயிற்று. மூன்று நாளாகப் பேச்சு வாங்கினவள். ஆனால் கத்தவில்லை. "எதெதுக்கு வெச்சீங்க ஆயா?"

"மூணு, நாலு, ஒம்போது, பதினொண்ணு, பதினஞ்சு, பதினாறு, இருபது."

"இத எப்படி நம்பறது?" என்றார் மேனேஜர்.

"நம்பலாம் சார். நான் என்னைக்கு என்ன துப்பட்டா போட்டேன்னு கேளுங்க, ஆயா அதுவும் சொல்லும்."

ஏழையும் தனியே எடுத்து வைத்தாள். மீதியில் முதல் டேப் உள்ளே போயிற்று. மெஷின் நிற்கவில்லை.

அக்டோபர் 7, செவ்வாய்

கம்ப்யூட்டர் அறைச் சாவியை மேனேஜர் வாங்கிக்கொண்டார். எனக்கு இனி எக்ஸ்ரே பக்கம் மட்டும்தான் வேலை.

அக்டோபர் 9, வியாழன்

ஏழு டேப்பும் சுத்தம் செய்ய சென்னைக்குப் போயிருக்கின்றன. படம் திரும்பி வருமா, தெரியாது.

சாயங்காலம் ரூக்ஸார் என்னைத் தாண்டிப் போனாள். திரும்பாமலே, "மீதி பதினாலுக்கும் நகல் எடுத்தாச்சு" என்றாள்.

யாரிடம் சொன்னாள்? அங்கே நான் மட்டும்தான் இருந்தேன்.